மழைக்காலப் பிலிம்

என் கணவர் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல்லை ஒரு தடவையாவது வரவழைத்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அது எங்களைச் சிங்கப்பூர் வரை இழுத்துக்கொண்டு போகும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஜொகூரில், கூலாய்க்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று ஆள்களின் பெயரைக் கூப்பிடுவார், பிறகு ஆபீஸ், சாயங்காலம் வீடு. நல்ல மனுஷர். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார், கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார். ஒரே ஒரு குணம்தான். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். ரயில் இஞ்சின் எப்படி ஓடுகிறது, சீனர்கள் ஏன் முட்டையை மண்ணில் புதைக்கிறார்கள், என் அம்மா வைக்கும் மீன்குழம்பில் எது கூடுதல், எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும்.

அந்த வருஷம் அவருக்கு போட்டோப் பெட்டி மேல் ஆசை வந்தது. தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது தூக்கிப்போட்ட ஒரு விலைப்பட்டியல் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் கேமராப் படம். அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாராயணம் செய்வார். பதினேழாம் பக்கத்தில் ஒரு மடக்குக் கேமரா. தோலால் ஆன துருத்தி முன்னால் நீளும், பின்னால் மடங்கும். அதற்கு அவர் ஏறக்குறைய தாலி கட்டிவிட்டார்.

வாங்குவதற்கு முன்பே பழக வேண்டும் என்று பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு ஒரு பெட்டி செய்தார். அதற்கு முன்னால் நான் நிற்க வேண்டும்.

"முகத்தக் கொஞ்சம் எடது பக்கம் திருப்பு. மூச்ச அடக்கு. அசையாத."

"டின்னுக்குள்ளதான் ஒண்ணும் இல்லயே, நான் எதுக்கு மூச்ச அடக்கணும்?"

"உனக்குப் புரியாது. பழக்கம் வேணும்."

மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. கிராணிகளுக்கும் பாதி வேலைதான். அவர் காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்து டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கோ அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. கண்ணெல்லாம் எரிச்சல். அந்த எரிச்சலில்தான் சொன்னேன்:

"என்னங்க, மழைக்குன்னு தனி பிலிம் வருதாமே? மழைக்காலப் பிலிம். அதப் போட்டா எவ்வளவு மப்பா இருந்தாலும் படம் பளிச்சுன்னு விழுமாம்."

அவர் டின்னை இறக்கினார். ஒரு கணம் யோசித்தார். இதோ வரப்போகிறது, "தெரியாது" வரப்போகிறது என்று அகப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன்.

"வருது" என்றார். "ஆனா இங்க கெடைக்காது. சிங்கப்பூர்லதான்."

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அடக்க முடியவில்லை. "என்ன கலர்ல இருக்கும்?" என்று கேட்டேன்.

"லேசாப் பச்சை அடிக்கும். வெந்நீர்ல கழுவணும். ஜெர்மன்காரன் கண்டுபுடிச்சது."

அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பிலிம் என்னிடம் இருந்ததைவிட அவரிடம் நன்றாக வளர்ந்துவிட்டது. பெரிய கிராணியிடம் அதைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒன்றிரண்டு தடவை தோன்றியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் அதற்கு ஒரு புதுக் குணம் சேர்த்துச் சொல்லும்போது, இன்னும் ஒரு நாள் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவர் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜொகூர் பாருவில் அவருடைய அக்கா இருந்தாள். எனக்கு அண்ணி. கணவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை; பிள்ளைகள் இல்லை; சந்தையில் அண்ணியைக் கண்டால் மீன்காரன் தராசைத் துடைத்து வைத்துக்கொள்வான். தோட்டத்து லாரியில் வந்து இறங்கி அன்று அவள் வீட்டில் தங்கினோம். நாங்கள் சிங்கப்பூருக்குக் கேமரா வாங்கப் போகிறோம் என்றதும் அண்ணி முகம் மலர்ந்தது.

"உங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது. நானும் வரேன்" என்றாள். அப்போதே தலைக்கு எண்ணெய் வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மூவரும் பஸ்ஸில் கடற்பாலத்தைத் தாண்டினோம். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் நாங்கள், இரண்டு பக்கமும் கலங்கிய தண்ணீர். அண்ணி பட்டுச்சேலை. அவர் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. விலைப்பட்டியல் புத்தகத்தைச் சாமி படத்தைப் பிடிப்பதுபோல் மார்போடு பிடித்திருந்தார். வழியெல்லாம் அண்ணி எங்களுக்குப் பேரம் சொல்லிக்கொடுத்தாள்.

"விலையக் கேட்டதும் சிரிக்கணும். அப்புறம் எந்திரிச்சு வெளிய நடக்கணும். படி எறங்கணும். மூணாவது படியில கூப்புடுவான். கூப்புடாத கடக்காரன் இன்னும் பொறக்கல."

முதல் கடை வெள்ளைக்காரர் கடை. ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, உள்ளே மின்விசிறி, கால் வைத்தால் செருப்புச் சத்தம் நமக்கே திரும்பக் கேட்கிற தரை. கண்ணாடிப் பேழைகளில் கேமராக்கள் வெல்வெட் மேல் உட்கார்ந்திருந்தன. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு விற்பனையாளர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் கணவர் பதினேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். விற்பனையாளர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், வேகமாக, மூக்காலே. கேமராவைப் பற்றிய கேள்விதான் என்று மட்டும் புரிந்தது. என் கணவருக்கும் அவ்வளவுதான் புரிந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதிலாக, "மழைக்காலப் பிலிம் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கம்பீரமாகக் கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விற்பனையாளர் புருவத்தை உயர்த்தினார். என் கணவர் விளக்கினார்: பச்சை, வெந்நீர், ஜெர்மனி. விற்பனையாளருக்குச் சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தன் கடையில் இல்லாத சரக்கு ஒன்று உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொள்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, லண்டனுக்கு எழுதி வரவழைப்பதாகவும் இரண்டு மாதம் ஆகும் என்றும் சொல்லி, எங்கள் தோட்டத்து விலாசத்தை எழுதிக்கொண்டார்.

அடுத்து அண்ணியின் முறை. மடக்குக் கேமராவின் விலையைக் கேட்டாள். சிரித்தாள். எழுந்து நடந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து படி இறங்கினாள். நாங்களும் பின்னால் போனோம். மூன்றாவது படியில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. சேலைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி நின்றாள். நடைபாதையில் ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் உள்ளிருந்தபடியே கதவுக் கண்ணாடியில் பட்ட எங்கள் விரல் தடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செவிட்டுப் பய" என்றாள் அண்ணி.

இரண்டாவது கடையைக் கண்டுபிடித்தவள் அண்ணிதான். சிராங்கூன் சாலைப் பக்கம் போகும் ஒரு சந்தில், நம்மவர் ஒருவருடைய கடை. நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை, குரலில் தேன்.

"வாங்க வாங்க, ஜொகூர்லேருந்தா? அடடா, பொம்பளைங்கள நிக்க வைக்கலாமா! உக்காருங்கம்மா. சோடா குடிங்க."

சிவப்பு சோடா வந்தது. அண்ணி என்னைப் பார்த்து, நம்மவர் நம்மவர்தான் என்பதுபோல் தலையாட்டினாள். என் கணவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இந்த முறை நேராக அதற்கே வந்தார்.

"உங்ககிட்ட மழைக்காலப் பிலிம் இருக்குங்களா?"

கடைக்காரர் கண் ஒரு தடவை சிமிட்டியது. ஒரே ஒரு தடவை.

"விஷயம் தெரிஞ்சவங்க நீங்க" என்றார். "எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறதில்ல. இருங்க, உள்ள பத்திரமா வச்சிருக்கேன்."

திரைக்குப் பின்னால் போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே ஒரு கண்ணாடி பீரோ. அதில் திரையின் இடுக்கு தெரிந்தது. இடுக்கில் அவர் கை. அந்தக் கை சாதாரணப் பிலிம் சுருள் ஒன்றை எடுத்தது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியது, சிவப்பு நூலால் கட்டியது. பிறகு தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றியது.

சோடா எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"பாருங்க சார், ஈரம் உள்ள போகாம ஜெர்மன்காரன் எப்படிக் கட்டி அனுப்புறான்" என்று வந்து நீட்டினார். என் கணவர் அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால், கோயிலில் விபூதி வாங்குவது போலிருந்தது. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம்: சொன்னேன் அல்லவா?

அடுத்து கேமரா வந்தது. பதினேழாம் பக்கத்துக் கேமராவேதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பளபளவென்று இருந்தது. அது என் பக்கம் வந்தபோது துருத்தியிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. மடிப்பு ஒன்றில் பொடி ஊசிமுனை அளவுக்கு வெளிச்சமும் தெரிந்தது. பழைய பெட்டிக்கு எண்ணெய் தடவி மாப்பிள்ளை ஆக்கியிருந்தார். என் கணவர் கை கோட்டின் உள்பைக்குப் போனது.

நான் என்ன செய்வது? இந்த ஆள் பொய்யன் என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்பார். இல்லாத பிலிமை இருக்கிறது என்று விற்கிறானே என்று சொல்ல வேண்டும். இல்லாதது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார். அங்கே வந்து நான் மாட்டிக்கொள்வேன். அதுவும் சோடா வாங்கிக் கொடுத்த அந்நியர் முன்னால், என் கணவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. வேறு வழி தெரியாமல் அண்ணியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

"தலைய சுத்துது" என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடையே அதிரும்படி கத்தினாள்.

"தம்பி! பெட்டியக் கீழ வைடா! ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கா!"

எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என் வாயில் சோடாப் புட்டியை வைத்துவிட்டாள். கடைக்காரர் எழுந்து கும்பிட்டு, "மகாலட்சுமி வந்திருக்கா, நல்ல சகுனம், பெட்டிய எடுத்துக்கிட்டே போங்க" என்றார்.

"கர்ப்பக்காரிய வச்சிக்கிட்டு இரும்புச் சாமான் வாங்குவாங்களா? எந்த ஊர்லய்யா நீ வளர்ந்த?" என்றாள் அண்ணி.

அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பதாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆனால் கடைக்காரர் கேமராவைத் தாமாகவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். என் கணவர் பிலிமுக்கு மட்டும் விலையைக் கொடுத்தார். சில்லறையை வாங்க மறந்து எழுந்தார்.

அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகம் போய்விட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் ரிக்ஷாவுக்குப் பக்கத்திலேயே பாதி தூரம் நடந்து வந்தார், ரிக்ஷாக்காரரிடம் மலாயில் "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும், "ஒரு நிமிஷம்" என்று எங்கோ ஓடினார். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார். விரலில் மை ஒட்டியிருந்தது. ஆரஞ்சு வாங்கப் போனவர் விரலில் மை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடற்பாலத்தின் மேல் பஸ் குலுங்கியபோது, தம் கோட்டைக் கழற்றி மடித்து என் முதுகுக்கு வைத்தார். வெள்ளைக் கோட்டு. அதை அவர் கல்யாணத்துக்குப் பிறகு யாரையும் தொட விட்டதில்லை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செய்தது விளையாட்டு, ஆனால் அவர் முகத்தில் இருந்தது விளையாட்டு இல்லை. ஒரு ஆரஞ்சை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பின்னால் அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழைப் பிலிம், பீரோக் கண்ணாடி, கிள்ளு எல்லாம். அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"முழுகாம இல்லன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். "மசக்கைக்காரி அந்தக் கிள்ளு கிள்ளுவாளா? பாரு, கன்னிப் போயிருக்கு."

"அப்புறம் எதுக்கு அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"கடைக்காரன் பெட்டிய நீட்டினப்பவே எனக்கு எண்ணெ வாசம் தெரிஞ்சிருச்சு. ஆனா எந்தம்பி ஒண்ணப் பிடிச்சா விடுவானா? வேற எதச் சொல்லி எழுப்பறது, வீடு தீப்பிடிச்சிருச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இனி நல்ல கடைக்கு எங்க போறது? நாளைக்கு மறுபடியும் சிங்கப்பூரா?" என்றேன்.

அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம அடுத்த தெருவுலயே கேமராக்கடை வச்சிருக்கற சீனத் தவுக்கே ஒருத்தர் இருக்காரு. காப்பிக்கடைக்கு மேல்மாடி. ஆஸ்பத்திரி டாக்டர்மாரெல்லாம் அங்கதான் வாங்குறாங்க."

"அடுத்த தெருவா! இத ஏன் நேத்தே சொல்லல?"

"சொன்னா? எந்தம்பி என்னச் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பானா?" என்றாள் அண்ணி. "பட்டுச்சேலைய கட்டி எட்டு மாசம் ஆச்சு."

மறுநாள் காலை மூவரும் அந்த மாடிக்கு ஏறினோம். மரப்படி செங்குத்தாக இருந்தது. என் கணவர் எனக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினார், விழுந்தால் பிடிக்க. ஒவ்வொரு படிக்கும் என் குற்றம் ஒரு படி கனத்தது. மேலே போனதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கடை என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணாடிப் பேழை கிடையாது, வெல்வெட் கிடையாது. ஒரு நீளமான மேசை. அதன்மேல் திருகாணிகள், எண்ணெய்ப் புட்டி, வயிற்றைத் திறந்து போட்ட இரண்டு கேமராக்கள். குறுக்கே ஒரு கயிறு. அதில் துணி காய்வதுபோல் படங்கள் கவ்வியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு படத்தில் யாரோ ஒரு மலாய்க்காரர் தம் சைக்கிளோடு நின்றார். சைக்கிள் கம்பியெல்லாம் எண்ணலாம்போல் அவ்வளவு தெளிவு. கிழட்டுத் தவுக்கே பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முடியட்டும் என்பதுபோல் காப்பிக் கோப்பையைக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், தாம் தோட்டத்துக் கிராணி என்று சொல்லிக்கொண்டே, பையிலிருந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மழைப் பிலிம்" என்றார் மலாயில். "இதுக்குப் பொருந்துற கேமரா வேணும்."

தவுக்கே நூலை அறுத்தார். காகிதத்தைப் பிரித்தார். சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்தை முகர்ந்தார். பிறகு, "ஃபிலிம் ஹுஜான்?" என்று கேட்டார். ஹுஜான் என்றால் மழை. என் கணவர் ஆமாம் என்றார். தவுக்கேவின் தோள் ஆட ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். கடைசியில் மூலையில் சாய்த்து வைத்திருந்த குடையைக் காட்டி, "மழைக்கு இதுதான் இருக்கு, கிராணி" என்றார். "பிலிம் எல்லாம் ஒண்ணுதான். மழையில வெளிச்சம் இல்லன்னா அதுவும் என்னைய மாதிரி வீட்டுல இருக்கணும்."

என் கணவர் தவுக்கேவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். "சும்மா சொன்னேன். அப்படி ஒண்ணு இல்ல. நீங்க தெரியாதுன்னு சொல்றீங்களான்னு பாக்க."

 டின்னுக்கு முன்னால் என்னை நிற்கச் சொல்வாரே, அப்படி அசையாமல் நின்றார்.

"அப்ப அதுவும்?" என்றார், என் வயிற்றைப் பார்த்து.

எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. "அதுவும் இல்ல" என்றேன்.

விடுவிடுவென்று படி இறங்கிப் போய்விட்டார். அண்ணி தவுக்கேவிடம் காப்பி கேட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைவழியில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். தெருவில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. 

"பெரிய கிராணிகிட்ட வேற சொல்லித் தொலைச்சேன்" என்றார் கடைசியில். "வெந்நீர்ல கழுவணும்னு."

"நான் சொன்னது பேரு மட்டுந்தான். வெந்நீரு நீங்க சேத்தது" என்றேன். சொன்ன பிறகுதான் இது அதற்கு நேரமில்லை என்று தோன்றியது.

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கோபத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தார்; முடியவில்லை. சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "ஆனா அந்த ரெண்டாவது... அத மட்டும் நீ அங்கயே இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

"அது அண்ணி சொன்னது."

"நீ பஸ்ல ஆரஞ்சு தின்ன."

 தப்புதான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மழை விடும் வரை அங்கேயே நின்றோம். மேலே போகும்போது அவர் கையை விரித்துக்கொண்டு பின்னால் வரவில்லை. முன்னால் ஏறி, கடைசிப் படியில் நின்று கை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார்.

என் கணவர் விலைப்பட்டியல் புத்தகத்தை நீட்டினார். தவுக்கே பதினேழாம் பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"தோட்டத்துல எல்லாம் ஈரம். இந்தத் தோல் ஒரு வருஷம் தாங்காது, பூஞ்சணம் பிடிக்கும். என்கிட்டயும் இது ஒண்ணு இருக்கு. உங்களுக்கு விக்கமாட்டேன்" என்றார்.

விற்கமாட்டேன் என்று சொன்ன கடைக்காரரை அண்ணி வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். சிரிக்கவும் முடியாமல், படி இறங்கவும் முடியாமல் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரைப் படம் எடுக்கப் போறீங்க?" என்று தவுக்கே கேட்டார். இரண்டு நாளில் எங்களை யாரும் கேட்காத கேள்வி அது. என் கணவர் இயற்கைக் காட்சி என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "தெரியாது தவுக்கே" என்றார்.

வந்துவிட்டது! அந்தச் சொல்! அண்ணி என் விலாவில் இடித்தாள். ஆனால் அது வந்த நேரத்தில் எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை.

தவுக்கே கறுப்பாக, சதுரமாக ஒரு சாதாரணப் பெட்டிக் கேமராவை எடுத்து வைத்தார். மடக்க ஒன்றுமில்லை, நீட்ட ஒன்றுமில்லை. வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து டின்னுக்குள் போட்டு, அதோடு கேமராவை வைத்தால் ஈரம் அண்டாது என்றார். அரிசியை வாரம் ஒருமுறை மாற்றச் சொன்னார். "முதல் சுருளை என்கிட்ட கொண்டாங்க. படம் கெட்டுப் போனா யார் தப்புன்னு நான் சொல்றேன், உங்க தப்பா, என் தப்பான்னு." அப்புறம் அந்த எண்ணெய்க் காகிதச் சுருளை எங்கள் பெட்டியிலேயே மாட்டிக் கொடுத்தார். பிலிமில் பழுதில்லை, கதைதான் பழுது என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். வெயில் நன்றாக அடித்த ஒரு நாள். அவர் வீட்டு வாசலில் கேமராவோடு கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு லாரி வந்து நின்றது. மூவாரிலிருந்து என் அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். அம்மா கையில் வளையல் பெட்டி. அப்பா தலையில் ஒரு கூடை: முறுக்கு, புளியோதரை, இரண்டு ஜாடி மாங்காய் ஊறுகாய்.

விரலில் மை ஏன் ஒட்டியிருந்தது என்று அந்தக் கணம் எனக்கு விளங்கியது. ஆரஞ்சுக்கு முன் தபாலாபீசுக்குப் போய், நான் முழுகாமல் இருப்பதாக மூவாருக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

"மறந்தே போச்சு" என்றார் அவர் என் காதருகில். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மறந்தாரா, இல்லை தெரிந்துதான் விஷயம் பொய் என்று இரண்டாம் கடிதம் போடாமல் விட்டாரா என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் சிரிப்பார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள், வயிற்றைத் தடவினாள், ஊறுகாய் ஜாடியை என் கையில் கொடுத்தாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. முதலிலிருந்து சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லி முடித்ததும் தொடங்கினாள். மூவாரிலிருந்து லாரியில் எத்தனை பள்ளம், ஊறுகாய்க்கு எத்தனை நாள் வெயில், அக்கம்பக்கத்தில் எத்தனை வீட்டுக்குச் சீனி கொடுத்தாள், நான் பிறந்ததிலிருந்து சொன்ன பொய் எத்தனை, எல்லாம் வரிசையாக வந்தது. அப்பா கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். தொழிலாளர் லயத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள்.

அம்மா திட்டும்போது ஒரு பழக்கம். கேள்வி கேட்டுவிட்டு ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கையை நீட்டி, பதிலுக்காக அப்படியே நிற்பாள். கண்கூட இமைக்காது.

"வெக்கமா இல்ல?" என்று கேட்டு அப்படி நின்றாள்.

சொடக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். என் கணவர் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார், கேமரா அவர் வயிற்றோடு ஒட்டியிருந்தது.

அம்மா ஒரு வாரம் தங்கினாள். முதல் இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அடுப்பு பற்றவைப்பது முதல் என் சமையல் வரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்து மூன்றாம் நாள் சமாதானமானாள். அவர் சுருளை ஜொகூர் பாருவுக்குக் கொடுத்தனுப்பினார். படங்கள் வந்தன. கோழிகள் எல்லாம் புகைமாதிரி. துரையின் பங்களா சாய்ந்து கடலில் மூழ்குகிற கப்பல்போல் இருந்தது. அவற்றின் பின்னால் தவுக்கே பென்சிலால் மலாயில் "உன் தப்பு" என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு படத்தின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை. அதில் நான் தலைகுனிந்து ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறேன். அப்பாவின் வாயில் பாதி முறுக்கு. நடுவில் அம்மா, கை நீட்டி, தலை நிமிர்ந்து. சேலைக்கரையின் கட்டம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

அம்மா படத்தைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்து நான் கைக்கெட்டாமல் பிடித்துக்கொண்டேன். பிடுங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் தோடு நல்லா விழுந்திருக்கு மாப்பிள்ள" என்றாள். "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுங்க. கொஞ்சம் பெருசா."

மூவார் வீட்டுக் கூடத்தில், வாசலில் நுழைந்தால் கண்ணில் படும் இடத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, இதில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

"மகள ஆசீர்வாதம் பண்றேன்" என்பாள் அம்மா.